வண்டின் பங்காளிகள்

நெய்வேலி நிலத்தை மேலிருந்து கீழாக எழுதிக் காட்டச் சொன்னால், கீழ்ப்பாதியை எழுதுவதில் சிரமம் இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கரிய துகள்கள் வந்தன. 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே துளையிட்டுப் பார்த்தது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1957-ல் தோண்டத் தொடங்கினார்கள், 1961 ஆகஸ்டில் கரிப்படுகை வெயிலைப் பார்த்தது, 1962-ல் அந்தக் கரி மின்சாரம் ஆனது. எத்தனை மீட்டர் கடலூர் மணற்கல், எத்தனை மீட்டர் களிமண், படுகை எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, அதற்கும் கீழே அடைபட்டு நிற்கும் ஊற்றுநீர் எவ்வளவு விசையோடு மேல்நோக்கி முட்டுகிறது என்பதெல்லாம் கணக்கில் உண்டு. இந்தக் கணக்கு பிசகினால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் பொருள் வைத்திருக்கிறார்கள். மேல்பாதியின் கதை வேறு. வேரும் கறையானும் புழுவும் வண்டும் குடியிருக்கிற முதல் ஒரு முழம் மண்ணும், அதன் கீழே கிடக்கிற ஐம்பது, எண்பது மீட்டர் மணலும் களியும் சுரங்க மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன: மேல்மண். கரியை எடுப்பதற்காக அகற்ற வேண்டியது என்பதே அதன் வரையறை. அந்த ஒரு முழத்துக்கும் அடுக்கடுக்காகப் பெயர் வேண்டும் என்பது என் வாதம். அந்தப் பெயர்கள் எப்படி உண்டாகின்றன, எப்படி மாறுகின்றன, மாறும்போது நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் காட்ட ஒரு சின்ன வண்டுக் கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

தொட்டால் உருண்டையாகிவிடுகிற வண்டுகள் அவை. தலை கீழே மடிகிறது, முன்முதுகு அதன்மேல் கவிகிறது, நடுக்காலும் பின்காலும் தட்டையாக விரிந்து இடுக்குகளில் பொருந்துகின்றன, முதுகு ஓட்டின் விளிம்பு அவற்றோடு சேர்ந்து மூடிக்கொள்கிறது. ஆசாரி இழைத்துப் பொருத்திய மூடிபோல் இடைவெளி தெரியாது. கால் எங்கே, தலை எங்கே என்று கண்டுபிடிக்க லென்ஸ் வேண்டும். பெரும்பாலானவை கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவுதான். உளுத்த மரத்திலும், மரப்பட்டையின் அடியிலும், காட்டுச் சருகிலும், சில இனங்கள் கறையான் புற்றுக்குள்ளும் வாழ்கின்றன. உலகம் முழுவதும் சில நூறு இனங்களே எழுதப்பட்டிருக்கின்றன. சுமார் நான்கு லட்சம் வண்டினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிற ஓர் அறிவுத்துறையில் இது ஒரு பிடிகூட இல்லை. தமிழில் இவற்றுக்கென்று வழக்கில் ஒரு பெயர் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் இவை சேர்ந்த ஸ்காரப் என்னும் பெருங்குடும்பத்தை நம் உழவருக்கு நன்றாகத் தெரியும். தென்னங்குருத்தைக் குடைந்துவிட்டு எருக்குழியில் முட்டையிடும் காண்டாமிருக வண்டு அந்தப் பெருங்குடும்பம். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் வேரைக் கடித்துச் செடியை வாட விடும் வெள்ளை வேர்ப்புழுவும் அதன் பிள்ளைதான். மாட்டுச் சாணியை உருட்டிக்கொண்டு போவதும் அதுவே. உணர்கொம்பின் நுனி விசிறி மடிப்புபோல் தகடுகளாகப் பிரிந்திருப்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம். உருண்டுகொள்ளும் வண்டுக்கும் அந்த விசிறி உண்டு, மிகச் சிறியதாக.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கூட்டத்தோடு பெயரளவில் ஓர் உறவு இருக்கிறது. மதராஸ் மாநிலம் 1969-ல் தமிழ்நாடு ஆனது. 1975-ல் பிரெஞ்சு வண்டியல் அறிஞர் ரெனோ போலியன் உருண்டுகொள்ளும் வண்டுகளில் ஒரு புதிய பேரினத்தை வகுத்தபோது அதற்கு மதராஸோஸ்டெஸ் என்று பெயரிட்டார். மாநிலம் விட்ட பெயரை வண்டு எடுத்துக்கொண்டது. பின்னாளில் அதே பேரினத்தின் இனங்கள் தென்கிழக்கு ஆசியாவிலும் ஜப்பான் வரைக்கும் கண்டுபிடிக்கப்பட்டதால், மதராஸ் என்ற ஊர்ப்பெயர் இன்று ஜப்பானியத் தீவுகளின் வண்டுப் பட்டியலிலும் அச்சாகிறது. பெயரும் இடமும் இப்படி விலகிப்போவதைப் பார்த்து, பெயர்கள் தற்செயலானவை, அவற்றில் அறிவு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவது எளிது. இந்தக் கூட்டத்தின் குடும்பப் பெயருக்கு இருநூறு ஆண்டுகளில் நேர்ந்ததைப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

1819-ல் வில்லியம் மக்லே இவற்றில் ஒரு பேரினத்துக்கு ஆகாந்தோசெரஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் முள்கொம்பு என்று பொருள். 1856-ல் லக்கோர்தேர் அந்தப் பெயரை அடியாகக் கொண்டு கூட்டம் முழுவதற்கும் ஒரு பெயர் கொடுத்தார். சிக்கல் என்னவென்றால், மக்லேவுக்கு ஓராண்டு முன்பே, 1818-ல், ஒரு செடிச்சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிக்கு அதே பெயர் வைக்கப்பட்டிருந்தது. விலங்குகளுக்குப் பெயரிடும் உலக விதியின்படி ஒரே பேரினப் பெயரை இரண்டு விலங்குகள் தாங்க முடியாது, முந்தியதே நிலைக்கும். ஆகவே 1842-ல் வைட் இட்டிருந்த செரட்டோகாந்தஸ் என்ற பெயர் முன்னுக்கு வந்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதே இரண்டு கிரேக்கச் சொற்கள்தான் முன்பின்னாக மாறியிருக்கின்றன: முள்கொம்பு, கொம்புமுள் ஆயிற்று. குடும்பமும் செரட்டோகாந்திடே ஆயிற்று. இந்த மாற்றத்தில் வண்டைப் பற்றி நாம் புதிதாக அறிந்தது ஒன்றுமே இல்லை. ஒரு பதிவேட்டில் இரட்டைப் பதிவை நீக்கிய வேலை அது. இதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்தது இதைப்போலத் தெரியும், ஆனால் இது அல்ல.

1912-ல் லண்டன் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் ஆரோ உலக வண்டுப் பட்டியலுக்காக இந்தக் கூட்டத்தைத் தொகுத்தபோது, ஸ்காரபெய்டே என்ற மாபெரும் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகவே வைத்தார். இதே ஆரோதான் பிரிட்டிஷ் இந்திய விலங்குநூல் வரிசையில் தகட்டுக்கொம்பு வண்டுகளுக்கு 1910, 1917, 1931 ஆண்டுகளில் தொகுதிகள் எழுதியவர். அவற்றில் பூவண்டுகள் வந்தன, காண்டாமிருக வண்டுகள் வந்தன, சாணி வண்டுகள் வந்தன. பெரியவை, பளபளப்பவை, பயிருக்குக் கேடு செய்பவை, சாணியில் எளிதாக அகப்படுபவை எல்லாம் வந்துவிட்டன. சின்னஞ்சிறு கூட்டங்கள் விடுபட்டன. ஒரு நாட்டின் அடிப்படை நூலில் அத்தியாயம் இல்லாத கூட்டத்தை அந்த நாட்டு மாணவர் தேடமாட்டார். வலையில் விழுந்தாலும் 'பிற' என்ற புட்டியில் போய்ச் சேரும். இந்தியாவில் உருண்டுகொள்ளும் வண்டுகள் குறைவாகத் தெரிவதற்கு அவை குறைவாக இருப்பதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. தலைப்பு இல்லாத இடத்தில் தகவல் சேராது. பின்னால் வந்த அறிஞர்கள், இவ்வளவு தனித்துவமான உடலமைப்பு கொண்ட கூட்டம் துணைக்குடும்பமாக ஒண்டியிருக்கலாகாது என்று அதைத் தனிக் குடும்பமாக உயர்த்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் அது குடும்பமாகவே இருந்தது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது: ஹைபோசோரிடே. 1847-ல் எரிக்சன் வகுத்தது. பழுப்போ கருப்போ நிறத்தில், முன்தள்ளிய தாடையோடு, பார்வைக்கு எந்த விசேஷமும் இல்லாத வண்டுகள். அழுகலிலும் சாணியிலும் காணப்படும், சில பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், மழைக்காலத்து இரவுகளில் விளக்குக்கு வரும். ஹைபோசோரஸ் ஓரியெண்டாலிஸ் என்ற இனம் இந்தியச் சமவெளிகளில் பரவலாக உள்ளது. இந்த வண்டு உருளத் தெரியாதது. முழு வண்டை மட்டும் பார்க்கிறவருக்கு இதுவும் அந்தப் பளபளப்பான உருண்டையும் உறவு என்று தோன்றவே தோன்றாது. 2004-ல் வசிலி கிரெபென்னிகோவ், அல்பெர்தோ பலேரியோ, ஃபெடெரிகோ ஒகாம்போ, கிளார்க் ஷோல்ட்ஸ் ஆகிய நால்வரும் வண்டை விட்டுவிட்டுப் புழுவைப் பார்த்தார்கள். இரண்டு குடும்பங்களின் புழுக்களையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு உறவுக்கிளை வரைந்தபோது, உருளும் கூட்டம் ஹைபோசோரிடேவுக்கு வெளியே நிற்கவில்லை, அதன் உள்ளேயிருந்தே கிளைத்திருந்தது. 2006-ல் ஒகாம்போவின் விரிவான ஆய்வு அதை உறுதி செய்து, செரட்டோகாந்திடே என்ற குடும்பத்தை ஹைபோசோரிடேவின் ஐந்து துணைக்குடும்பங்களில் ஒன்றாக வைத்தது. 2011-ல் வெளிவந்த வண்டுக் குடும்பப் பெயர்களின் பெருந்தொகுப்பும் அதையே ஏற்றது.

இதன் தர்க்கத்தை நம் வீட்டு மொழியில் சொல்ல முடியும். ஒரு பாட்டனுக்கு நான்கு பேரன்கள். மூவர் ஊரிலேயே உழுதுகொண்டிருக்கிறார்கள். நான்காமவர் கடல் கடந்து போய், உடை மாற்றி, பேச்சு மாற்றி, வேறு பட்டம் சூட்டிக்கொண்டார். அவருடைய வாரிசுகளைப் பார்த்தால் இந்த ஊர்க்காரர் என்றே சொல்ல முடியாது. அதற்காக அந்த நான்காவது கிளையைத் தனிக் குடும்பம் என்றும் மீதி மூன்றையும் சேர்த்து ஒரு குடும்பம் என்றும் எழுதினால், கணக்கு தப்பு. மூவரில் ஒருவர் அந்த நான்காமவருக்கு உடன்பிறந்தவர், மற்ற இருவரும் சித்தப்பா மக்கள் என்றால் தப்பு இன்னும் கூடும். பங்காளி என்பது தோற்றத்தால் வருவதில்லை, வழியால் வருவது. உருண்டுகொள்வது ஓர் உடை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தொட்டால் உருண்டையாகிற மரவட்டைகள் இருக்கின்றன. வேறு பெருங்குடும்பங்களிலும் உருளும் வண்டுகள் உண்டு. அவையெல்லாம் ஒரே ஆபத்துக்கு ஒரே விடையைத் தனித்தனியே கண்டுபிடித்தவை. தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் பிரித்தது, அதனால் தும்பிக்குப் பக்கத்தில் நண்டு வந்து நின்றது. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்ற அண்டை வீட்டார் கிடைப்பார்கள். இன்றைய வகைப்பாடு எடுத்துக்கொண்ட அளவுகோல் வம்சவழி. அதில் தனி நன்மை இருக்கிறது: வம்சவழி உண்மையில் நடந்த ஒன்று. ஆகவே அதைப் பற்றிச் சொல்வது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்.

முதல் ஆட்சேபம் இங்கேதான் எழுகிறது. குடும்பம், துணைக்குடும்பம் என்ற தட்டுகள் மனிதன் போட்டவைதாமே? 1912-ல் துணைக்குடும்பம், நடுவில் குடும்பம், 2006-ல் மறுபடி துணைக்குடும்பம். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர நூறு ஆண்டு ஆயிற்றா? தட்டுகள் மனிதன் போட்டவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை கோடி ஆண்டு பழமை இருந்தால்தான் குடும்பம் என்று இயற்கையில் ஒரு கோடும் கிடையாது. செரட்டோகாந்திடே என்ற பெயரைக் குடும்பமாகவே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் வழி இருந்தது: ஹைபோசோரிடேவின் மற்றக் கிளைகளையும் ஒவ்வொன்றாகத் தனிக் குடும்பம் ஆக்க வேண்டும். அதைச் செய்வதா, எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதா என்பது வசதியைப் பொறுத்தது. ஆனால் எது எதற்குள் அடங்குகிறது என்பது வசதியைப் பொறுத்தது அல்ல. ஆரோவின் துணைக்குடும்பமும் ஒகாம்போவின் துணைக்குடும்பமும் பெயரில்தான் ஒன்று. ஆரோவிடம் உருளும் வண்டு, பெரிய ஸ்காரபெய்டே வீட்டின் பல பிள்ளைகளில் ஒன்று. யாருக்கு நெருங்கியது என்று அவர் சொல்லவில்லை. ஒகாம்போவிடம் அதற்குக் குறிப்பிட்ட பெற்றோர், குறிப்பிட்ட உடன்பிறப்புகள் உண்டு. பட்டியலில் சொல் திரும்பி வந்தது, அறிவு திரும்பவில்லை. குடும்பம் என்ற தகுதி போனதை இழப்பாக எண்ணுகிறவர், அந்த வண்டுக்கு ஒரு வீடு கிடைத்ததைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம், பெயர் மாறிக்கொண்டே இருந்தால் எந்த நூலை நம்புவது என்பது. இது கள ஆய்வாளரின் நியாயமான எரிச்சல். அருங்காட்சியகப் புட்டியில் ஒரு சீட்டு, பழைய கட்டுரையில் ஒரு பெயர், புதிய பட்டியலில் வேறொன்று. முள்கொம்பு கொம்புமுள் ஆனதைப் போன்ற மாற்றங்கள் குறைவாக இருப்பதே நல்லது, அவை பதிவேட்டுப் பிழைகள். 2004-லும் 2006-லும் வந்த மாற்றம் வேறு வகை. அது ஒரு சோதனையின் முடிவு. நெய்வேலிக்காரருக்கு இதைப் புரியவைக்கத் தொலைவு போக வேண்டாம். அங்குள்ள பழுப்பு நிலக்கரியை நெடுங்காலம் மயோசீன் காலத்தது என்று எழுதினார்கள். பிறகு கரியில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்களில் சிலர் அது இன்னும் பழைய இயோசீன் காலத்தது என்றார்கள். இரண்டுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டு வேறுபாடு. புவியியலின் அந்த விவாதத்தைக் கேட்டு, இவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வயது மாறினால் அந்தப் படுகை எங்கெல்லாம் தொடரலாம் என்ற கணிப்பும் மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். வண்டின் வகைப்பாடு மாறும்போதும் அதேதான் நடக்கிறது. அதற்கு விலை நிர்ணயமாகாததால் நாம் அதைப் பெயர் விளையாட்டு என்கிறோம். வயதைப் பற்றிப் பேசுவதானால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனாவின் யிஷியன் பாறையடுக்கில், கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு புதைபடிவத்தை உருளும் வண்டுகளின் துணைக்குடும்பத்திலேயே சேர்த்து 2010-ல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாறையின் வயது 12 கோடி ஆண்டுக்கு மேல். மயோசீன் ஆனாலும் இயோசீன் ஆனாலும், நெய்வேலிக் கரியாக மாறிய காடு முளைப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த வண்டின் வழி தொடங்கிவிட்டது.

சரியான வகைப்பாடு எங்கே தேடுவது என்று சொல்கிறது. உருளும் வண்டு தனிக் குடும்பமாக நின்றவரை, அதன் புழு என்ன தின்னும், எங்கே இருக்கும் என்பதை ஊகிக்க ஒப்பிட ஆள் இல்லை. பங்காளி யார் என்று தெரிந்த பிறகு, சமவெளியில் எளிதில் கிடைக்கும் ஹைபோசோரஸின் வாழ்க்கை முறை மலைக்காட்டு உருண்டையைப் பற்றிய கேள்விகளுக்கு வாசல் ஆகிறது: அழுகலிலிருந்து உளுத்த மரத்துக்கும், அங்கிருந்து கறையான் புற்றுக்கும் இந்த வழி எப்போது, எத்தனை முறை தாவியது? அதைப்போலவே, சமவெளிக்காரர்களாகிய நாம் மழைக்கால விளக்கடியில் பெருக்கித் தள்ளுகிற ஒரு பழுப்பு வண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய கூட்டம் ஒன்றுக்கு நெருங்கிய சொந்தம் என்று அறிகிறோம். உருளத் தெரியாத அந்த மூத்த கிளையைப் படிக்காமல் உருளக் கற்ற இளைய கிளையை விளக்க முடியாது. ஊர்ப்புற வண்டைச் சேகரிக்காத நாட்டில் காட்டு வண்டின் வரலாறும் அரைகுறையாகவே இருக்கும்.

நெய்வேலியின் முதல் ஒரு முழத்துக்குத் திரும்புகிறேன். அங்கே ஒரு டன் கரிக்குச் ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது. பக்கெட் வீல் எந்திரம் சுற்றி வெட்டும்போது முழத்து மண்ணும் ஆழத்து மண்ணும் கலந்து மறுபக்கத்து மேட்டில் கொட்டப்படுகின்றன. கரி எடுத்து முடித்த இடங்களை நிரப்பி, மேட்டில் மரம் நட்டு, சில இடங்களில் பயிரும் வைக்கிறார்கள். நகரியத்தின் வட்டங்களில் அறுபது ஆண்டு மரங்கள் நிழல் தருகின்றன. இந்தப் பசுமை உண்மையானது, அதை வளர்த்தவர்களின் உழைப்பும் உண்மையானது. ஆனால் பசுமை என்பது நட்டதன் அளவு. மண் மீண்டதா என்பது தானாக வந்து சேர்ந்ததன் அளவு. மரத்தை மனிதன் நடுகிறான். உளுத்த கிளையைத் தின்னும் புழுவை, செத்த எலியை அரிக்கும் வண்டை, சாணியைக் கீழே இறக்கும் வண்டை யாரும் நடுவதில்லை. அவை வந்தால் வந்தன. தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே கடற்கரையில் மணல்மேட்டுச் சுரங்கத்துக்குப் பிறகு வளர்த்த காடுகளைப் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் அளந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று சாணி வண்டு. 2002-ல் வெளியான முடிவு: இளங்காட்டில் எங்கும் பரவி வாழும் இனங்களே மிகுதி, காட்டின் வயது ஏற ஏற, அந்த வட்டாரத்துக்கே உரிய இனங்களின் பங்கு கூடுகிறது. 2004-ல் புழுக்களை ஒப்பிட்ட நால்வரில் ஒருவரான ஷோல்ட்ஸ் இந்த ஆய்விலும் இருந்தார். வகைப்பாடு வேறு, மண்ணின் நலம் வேறு என்று பிரித்து வைக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. எது எங்கும் இருப்பது, எது இங்கே மட்டும் இருப்பது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் வகைப்பாடு கற்றவராக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்விகள் நெய்வேலியில் இருக்கின்றன என்று சொல்லலாம். நிலம் கொடுத்த குடும்பங்கள், நிலத்தடி நீர், வேலை, சாம்பல். உண்மைதான், அவை பெரியவை, அவற்றுக்கு முன் வண்டை நிறுத்த எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்குள்ளேயே இது இருக்கிறது. எடுத்த நிலத்தைப் பழையபடி திருப்பித் தருகிறோம் என்ற வாக்குறுதிக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், 'பழையபடி' என்பது எப்படி என்று எழுதியிருக்க வேண்டும். மல்லாட்டை விளைந்த கொல்லையில் வேர்ப்புழுவும் இருந்தது, அதைத் தின்னும் உயிரும் இருந்தது, சாணியை மண்ணில் சேர்த்த வண்டும் இருந்தது. உழவருக்கு நிலம் என்றால் இதெல்லாம் சேர்ந்துதான். இந்த ஒரு கோரிக்கையில் உழவரும் வண்டு ஆய்வாளரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

மரபணுக் குறியீடு வந்துவிட்டதே, ஒரு பிடி மண்ணை அனுப்பினால் உள்ளே இருப்பதை எல்லாம் கருவி சொல்லிவிடுமே, உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் பழைய வகைப்பாடு இனி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கருவியின் வேகத்தை நான் மறுக்கவில்லை. புழுவையும் வண்டையும் இணைத்துச் சொல்வதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் கருவி தருவது எழுத்துத் தொடர். அந்தத் தொடரை எதனோடு ஒப்பிடுவது? யாரோ ஒருவர் லென்ஸில் பார்த்து, பெயர் எழுதி, பாதுகாத்து வைத்த மாதிரியோடுதான். அந்த நூலகத்தில் இந்தியச் சிறு வண்டுகளின் அலமாரி காலியாக இருந்தால், கருவி 'பெயர் தெரியாத வண்டு' என்று சொல்லும், பழைய 'பிற' புட்டியைப் போலவே. இந்தியாவில் புவியியல் ஆய்வுத் துறை 1851-ல் தொடங்கியது, விலங்கியல் ஆய்வுத் துறை 1916-ல். அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியை எந்தக் கருவியும் தானாக நிரப்பாது.

வேண்டிய ஆட்கள் தொலைவில் இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இருக்கிறது, விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சென்னையில் விலங்கியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையம் இருக்கிறது. நகரியத்திலேயே பள்ளிகள் இருக்கின்றன, உயிரியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆடி முதல் கார்த்திகை வரை வாரம் ஓர் இரவு ஒரு வெள்ளைத் துணியும் விளக்கும், பழைய மேட்டில் நான்கு குழிப்பொறி, புதிய மேட்டில் நான்கு, இன்னும் தோண்டாத முந்திரித் தோப்பில் நான்கு, ஒவ்வொரு புட்டியிலும் நாளும் இடமும் எழுதிய சீட்டு: இதற்கு மேல் பெரிய செலவில்லை. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, குடும்பம் வரை பிரித்து வையுங்கள், மீதியைச் சொல்ல உலகில் ஆட்கள் இருக்கிறார்கள். மேட்டில் நட்ட காட்டை ஐம்பது ஆண்டு கழித்தும் அளக்கலாம். தோண்டாத நிலத்தை, எந்திரம் அங்கே வந்து சேரும் நாள் வரைதான் அளக்க முடியும்.